எலும்புக்குச் சாரம் கட்டுதல்

சென்ற வருடம் எங்கள் நானா மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, வலது முழங்காலுக்குக் கீழேயுள்ள பெரிய எலும்பை உடைத்துக்கொண்டார். வெறும் உடைவு என்றால் தகடு வைத்துப் பொருத்தியிருப்பார்கள். ஆனால் நடுவில் ஒரு துண்டு நொறுங்கிப் போயிருந்தது. சத்திரசிகிச்சை நிபுணர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இரு முனைகளுக்கும் இடையிலிருந்த கறுப்பு இடைவெளியைப் பேனையால் தொட்டுக்காட்டி, "இது தானாக மூடாது, இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து நிரப்ப வேண்டும்" என்று வாப்பாவிடம் சொன்னார். அவ்வாறே செய்தார்கள். கால் நன்றாகப் பொருந்தி வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு நானா கால் நோவைப் பற்றிச் சொன்னது குறைவு. "இடுப்புதான் தங்கச்சி நோகுது" என்றே பல நாட்கள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓரிடத்தைக் கட்டுவதற்கு நன்றாக இருக்கும் இன்னோரிடத்தை வெட்டத்தான் வேண்டுமா? இந்தக் கேள்வியை எங்கள் உயிரியல் ஆசிரியையிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. வாசிக்கச் சில கட்டுரைகளைத் தந்தார். அவற்றை வாசித்து நான் விளங்கிக்கொண்டதையே இங்கு எழுதுகிறேன். பாடநூலில் 'என்பு' என்று படிப்பதை வீட்டில் எல்லோரும் 'எலும்பு' என்றுதான் சொல்கிறோம். பெற்றோரும் வாசிப்பார்கள் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் எலும்பின் பெருமையைச் சொல்ல வேண்டும். தோலில் ஆழமாக வெட்டுப்பட்டால் தழும்பு எஞ்சும். எலும்பு முறிந்தாலோ மீண்டும் எலும்பாகவே வளர்கிறது. சிறு வயதில் கையை உடைத்துக்கொண்ட ஒருவரின் எக்ஸ்ரேயைப் பல வருடங்களின் பின் பார்த்தால், உடைந்த இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். எங்கள் உடலில் எலும்பைக் கட்டும் கலங்களும் உண்டு, கரைக்கும் கலங்களும் உண்டு. முறிவு இல்லாத நாட்களிலும் அவை ஓயாமல் பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டிக்கொண்டே இருக்கின்றன.

ஆனால் இந்த ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. இடைவெளி ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், பெரியவர்களின் கால் எலும்பில் பொதுவாக 2 சென்ரிமீற்றருக்கு மேல் என்று சொல்வார்கள், கட்டும் கலங்களால் அக்கரைக்குப் போய்ச் சேர முடிவதில்லை. அவை நீந்துபவை அல்ல. ஒன்றைப் பற்றிப் பிடித்து ஊர்ந்து செல்பவை. பற்றிப் பிடிக்க நிலமும் வேண்டும், பின்னால் குருதிக் குழாயும் வர வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் நார் இழையம் முந்திக்கொண்டு வந்து நிரம்பிவிடுகிறது. அதன் பின் எலும்புக்கு அங்கு இடமில்லை.

இடுப்பிலிருந்து எடுத்த எலும்பு இந்த இடத்தில்தான் உதவுகிறது. அதில் உயிருள்ள கலங்கள் இருக்கின்றன. "இங்கே எலும்பைக் கட்டு" என்று மற்றக் கலங்களுக்குச் செய்தி சொல்லும் புரதங்கள் இருக்கின்றன. பற்றிப் பிடிக்க நிலமும் இருக்கிறது. அந்தப் புரதங்களின் கதை 1965 இல் தொடங்குகிறது. கனிப்பொருள் நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தபோது அங்கே புதிய எலும்பு உருவானதை அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் அவ்வாண்டில் அறிவித்தார். சொந்த எலும்புக்கு நிகராக இன்றுவரை எதுவும் இல்லை என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். குறை என்னவென்றால், எடுக்கக்கூடிய அளவு கொஞ்சம். எடுத்த இடம் இன்னொரு காயம். நானாவைக் கேட்டால் தெரியும்.

அப்படியானால் உலோகத்தை வைத்து நிரப்பினால் என்ன? பௌதிகவியல் படிக்கும் தோழிகளுக்கு இது பிடிக்கும். இறுக்கமான எலும்பின் யங்கின் மட்டு ஏறத்தாழ 15 முதல் 20 கிகாபஸ்கால். தைத்தேனியத்தினது ஏறத்தாழ 110. இரண்டும் பக்கத்தில் இருந்தால் விறைப்பான உலோகமே சுமையின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளும். சுமை இல்லாத எலும்பு மெலியும். சுமைக்கேற்ப எலும்பு தன்னை மாற்றியமைக்கும் என்பதை ஜேர்மனிய மருத்துவர் யூலியஸ் வொல்ஃப் 1892 இலேயே எழுதிவிட்டார். தாங்க வந்தவரே வீட்டுக்காரரைச் சோம்பேறியாக்கிவிடும் கதை இது.

ஆகவேதான் 'சாரம்' என்ற எண்ணம் வந்தது. சாரம் என்றதும் எங்கள் வீடுகளில் வாப்பாமார் உடுக்கும் சாரம் நினைவுக்கு வரலாம். நான் சொல்வது மேசன்மார் சுவர் எழுப்பும்போது கம்பும் பலகையுமாகக் கட்டும் சாரத்தை. மேசன் அதில் ஏறி நின்று கல்லை வைப்பார். சுவர் எழுந்ததும் சாரத்தைப் பிரிப்பார்கள். எலும்பின் இடைவெளியிலும் அப்படியொரு சாரத்தை வைத்தால், கட்டும் கலங்கள் அதில் ஏறி வேலை செய்யும். ஒரே வித்தியாசம், உள்ளே போய்ப் பிரிக்க ஆளில்லை. சாரமே மெல்லக் கரைந்துபோக வேண்டும். 1993 இல் றொபர்ட் லாங்கரும் ஜோசப் வக்கான்ரியும் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரைக்குப் பிறகே இழையப் பொறியியல் என்ற துறை பரவலாகப் பேசப்படலாயிற்று.

சொல்ல இலகு. செய்யப்போனால் ஒன்றையொன்று மறுக்கும் கட்டளைகள். கலங்களும் குருதிக் குழாய்களும் உள்ளே போகத் துளைகள் வேண்டும். குறைந்தது 100 மைக்ரோமீற்றர், 300 க்கு மேல் என்றால் நல்லது. குருதி மயிர்த்துளைக் குழாயிலிருந்து 100 முதல் 200 மைக்ரோமீற்றருக்கு அப்பாலுள்ள கலத்துக்கு ஒட்சிசன் போதாது. அதனால் துளைகள் ஒன்றோடொன்று தொடர்புபட்டும் இருக்க வேண்டும். வட்டிலப்பத்தை வெட்டிப் பார்த்தால் நிறையத் துளைகள் தெரியும். ஆனால் ஒரு துளையிலிருந்து அடுத்ததற்கு வழியில்லாவிட்டால் எறும்புகூட உள்ளே போகாது. சரி, துளையைக் கூட்டுவோம் என்றால் வலு குறைகிறது. இறுக்கமான எலும்பு 100 மெகாபஸ்காலுக்கு மேற்பட்ட அமுக்கத்தைத் தாங்கும்; கடற்பஞ்சு போன்ற உள் எலும்பு சில மெகாபஸ்கால்களுக்கே நொறுங்கத் தொடங்கும். கால் எலும்பின் நடுவில் வைக்கும் சாரத்துக்கு முதலாவதின் வலுவும் வேண்டும், இரண்டாவதின் துளையும் வேண்டும். அதோடு கரையவும் வேண்டும். எலும்பு வளர்வதைவிட வேகமாகக் கரைந்தால் இடிந்து விழும். மெதுவாகக் கரைந்தால் புதிய எலும்புக்கு வழிவிடாது.

தனிப்பொருள் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. எலும்பிலுள்ள அதே வகைக் கல்சியம் பொசுபேற்றான ஐதரொட்சி அபற்றைற்றைச் சுட்டு எடுத்தால் கலங்களுக்குப் பிடிக்கிறது. ஆனால் பீங்கான் கோப்பை மாதிரி உடைகிறது. பொலிலற்றிக் அமிலம் போன்ற கரையும் பல்பகுதியங்கள் வளைந்து கொடுக்கின்றன. ஆனால் விறைப்புப் போதாது. கரையும்போது அமிலத்தையும் விடுகின்றன.

இடையில் ஒரு கண்ணாடியின் கதை. 1967 இல் அமெரிக்கப் பொருளியல் விஞ்ஞானி லரி ஹென்ச் ஒரு மாநாட்டுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய இராணுவ அதிகாரி. கை கால்களை இழந்த வாலிபர்களைப் பார்த்து வந்தவர் அவர். உடல் வெளியே தள்ளாத ஒரு பொருளை உங்களால் செய்ய முடியாதா என்று கேட்டாராம். இரண்டு வருடங்களின் பின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் ஹென்ச் செய்த கண்ணாடி, எலியின் தொடை எலும்போடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது. அதில் நிறைப்படி 45 சதவீதம் சிலிக்கா. மீதி சோடியம், கல்சியம், பொசுபரசு ஆகியவற்றின் ஒட்சைட்டுகள். உடல் திரவத்தில் அதன் மேற்பரப்பில் தானாகவே அபற்றைற்றுப் படை ஒன்று உருவாவதே இரகசியம். சில நாடுகளில் பற்கூச்சத்துக்கான பற்பசையிலும் இந்தக் கண்ணாடித் தூள் சேர்கிறது. ஆனாலும் கண்ணாடி கண்ணாடிதான். சுமை தாங்கும் இடத்தில் தனியாக வைக்க முடியாது.

அப்படியென்றால் எலும்பு மட்டும் எப்படி இரண்டையும் சாதிக்கிறது? வீட்டிலேயே பார்க்கலாம். கோழிக்கால் எலும்பு ஒன்றைச் சுத்தமாகக் கழுவி, வினாகிரி நிறைந்த போத்தலில் போட்டுச் சில நாட்கள் விடுங்கள். இடையிடையே வினாகிரியை மாற்றுங்கள். எடுத்துப் பார்த்தால் உருவம் அப்படியே இருக்கும், ஆனால் இறப்பர் போல் வளையும். அமிலம் கனிப்பொருளைக் கரைத்துவிட்டது. எஞ்சியது கொலாஜன் என்ற புரத நார். மாறாக, நெருப்பில் வெள்ளையாகும்வரை எரிந்த எலும்பைப் பாருங்கள். அதுவும் உருவம் மாறாது, ஆனால் விரலால் நசுக்கினாலே பொடியாகும். நார் எரிந்து கனிப்பொருள் மட்டும் எஞ்சியிருக்கிறது. (எங்கள் உம்மா முதலாவது பரிசோதனைக்கு மட்டும்தான் சம்மதித்தார்.)

களிமண் சுவரில் வைக்கோல் சேர்ப்பதைப் போல, எலும்பும் இரண்டு பொருள்களின் கூட்டு. ஆனால் வைக்கோலும் மண்ணும் கண்ணுக்குத் தெரியும் அளவில் கலந்திருக்கின்றன. எலும்பில் அந்தக் கலப்பு நனோமீற்றர் அளவில் நடக்கிறது. ஒரு நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. உங்கள் விரல் நகம் ஒரு செக்கனில் ஏறக்குறைய அவ்வளவுதான் வளர்கிறது. கொலாஜன் மூலக்கூறு ஒன்று 300 நனோமீற்றர் நீளமும் 1.5 நனோமீற்றர் தடிப்பும் கொண்டது. மூலக்கூறுகள் 67 நனோமீற்றருக்கு ஒரு தடவை மீளும் ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்க, சில நனோமீற்றரே தடிப்பான கனிப்பொருள் தகடுகள் அவற்றின் இடைவெளிகளிலும் அவற்றைச் சுற்றியும் பதிந்திருக்கின்றன. ஒரு தகட்டில் வெடிப்பு வந்தாலும் அடுத்துள்ள நார் அதைத் தடுக்கிறது. நார் இழுபட்டாலும் தகடு பிடித்துக்கொள்கிறது.

அப்படியானால் சாரத்தையும் அந்த அளவிலிருந்தே கட்ட வேண்டும் என்பதுதான் நனோப்பொருள் சேர்க்கும் ஆய்வுகளின் அடிப்படை. பல்பகுதியத்துக்குள் நனோ அளவு அபற்றைற்றைக் கலக்கிறார்கள். விறைப்புக் கூடுகிறது. அபற்றைற்று மென்மூல இயல்புடையது என்பதால் பல்பகுதியம் கரையும்போது வரும் அமிலத்தையும் ஓரளவு நடுநிலையாக்குகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனக்குற்றியின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதையே 100 நனோமீற்றர் பக்கமுள்ள சிறு குற்றிகளாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 60 சதுர மீற்றர், ஒரு பெரிய வகுப்பறையின் தரை அளவு. பொருள் அதேதான், தொடக்கூடிய பரப்பு மட்டும் ஒரு இலட்சம் மடங்காகிவிட்டது. நாரும் துணிக்கையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள அத்தனை இடம்.

வலுவைவிட எனக்கு வியப்பளித்தது கலங்களின் நடத்தை. ஒரு கலம் பல மைக்ரோமீற்றர் அகலமானது. அதற்கு நனோமீற்றர் மேடு பள்ளம் ஒரு பொருட்டா என்று தோன்றும். 1999 இல் தோமஸ் வெப்ஸ்டரும் அவரோடு வேலை செய்தவர்களும், ஒரே இரசாயனப் பொருளை 100 நனோமீற்றருக்குக் குறைந்த மணிகளாலும் அதைவிடப் பெரிய மணிகளாலும் செய்து, எலும்பைக் கட்டும் கலங்களை அவற்றின்மேல் விட்டார்கள். சிறு மணிகளாலான பரப்பிலேயே கூடுதலான கலங்கள் ஒட்டின. கலம் நேரடியாகப் பொருளைத் தொடுவதில்லை. முதலில் திரவத்திலுள்ள புரதங்கள் அதில் படிகின்றன. கலம் அந்தப் புரதங்களையே பிடிக்கிறது. புரதங்கள் நனோ அளவானவை. ஆகவே அவை எப்படிப் படிகின்றன, எந்தப் பக்கம் விரிந்து நிற்கின்றன என்பதை நனோ மேடு பள்ளமே தீர்மானிக்கிறது.

2007 இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மத்தியூ டல்பியும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. பிளாஸ்ரிக் தகட்டில் 120 நனோமீற்றர் விட்டமுள்ள சிறு குழிகளைப் பதித்து, எதுவாகவும் மாறக் காத்திருக்கும் மனித மூலக்கலங்களை அதன்மேல் வளர்த்தார்கள். குழிகள் சதுரங்கப் பலகை மாதிரி மிக ஒழுங்காக இருந்த இடத்தில் எலும்புக்கான அறிகுறி இல்லை. ஒவ்வொரு குழியையும் அதன் சரியான இடத்திலிருந்து 50 நனோமீற்றர் வரை அங்குமிங்குமாகத் தள்ளி, ஒழுங்கைச் சற்றே குழப்பியபோது, மூலக்கலங்கள் எலும்புக் கலங்களாக மாறிக் கனிப்பொருளை உண்டாக்கத் தொடங்கின. மருந்தோ ஓமோனோ எதுவும் சேர்க்கவில்லை. தரையின் வடிவத்தை மட்டும் மாற்றினார்கள். நடக்கும் தரையைத் தடவிப் பார்த்தே, தான் என்னவாக வேண்டும் என்று ஒரு கலம் முடிவெடுக்கிறது! இதை வாசித்த அன்று நான் இரவு நெடுநேரம் தூங்கவில்லை.

இந்தச் சாரங்களைச் செய்யும் முறைகளைப் பார்த்தால் எங்கள் குசினியும் கார்னிவேல் கடையும் நினைவுக்கு வரும். முப்பரிமாண அச்சுப்பொறி ஒன்று, நனோத்துணிக்கை கலந்த பல்பகுதியத்தை உருக்கி, இடியப்ப உரலில் பிழிவதைப் போல நூலாகப் பிழிந்து, ஒரு படைக்குக் குறுக்காக மறு படையென அடுக்குகிறது. இடைவெளிகள் தானாகவே தொடர்புபட்ட துளைகளாகின்றன. நோயாளியின் ஸ்கேன் படத்தைக் கணினியில் கொடுத்தால் இடைவெளியின் அதே உருவத்தில் சாரம் வரும். இன்னொரு முறையில் உயர் மின்னழுத்தத்தைக் கொண்டு கரைசலைத் தும்பு முட்டாசு போல மெல்லிய நார்களாக இழுக்கிறார்கள். குசினியில் வரும் தொல்லையும் இங்கு வருகிறது. கஞ்சிக்கு மாவைக் கரைக்கும்போது கட்டி பட்டால் என்ன செய்வோம்? நனோத்துணிக்கைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகவே விரும்புகின்றன. கட்டிபட்டால் நனோ என்ற பெயர் மட்டும் மிஞ்சும். அந்தக் கட்டியிலிருந்துதான் வெடிப்புத் தொடங்கும். அளவுக்கு மிஞ்சிச் சேர்த்தால் சாரம் வலுப்பதற்குப் பதிலாகப் பலவீனமடைவது இதனால்தான்.

அபற்றைற்று மட்டுமன்றி வேறு பொருள்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். கிருமித் தொற்றைத் தடுக்க நனோ வெள்ளி, வலுவுக்குக் காபன் நனோக்குழாய், கிராபீன். கிராபீன் என்பது பென்சிற்கரியின் ஒற்றை அணுப் படை. எங்கள் நாட்டின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களிலிருந்து வரும் உயர்ரகப் பென்சிற்கரியிலிருந்து கிராபீன் செய்யும் முயற்சிகள் இங்கும் நடக்கின்றன. 2008 இல் தொடங்கப்பட்ட, ஹோமாகமையிலுள்ள இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனம் அதில் ஈடுபட்டிருக்கிறது. அனுராதபுரத்துக்குத் தெற்கே எப்பாவலயில் தோண்டி எடுத்துத் தோட்டங்களுக்குப் பசளையாகப் போடும் பாறையும் அபற்றைற்றுக் குடும்பத்தைச் சேர்ந்ததே. தேயிலைக்குப் போடுவதும் எங்கள் தொடைக்குள் இருப்பதும் ஒரே குடும்பம் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

ஆனால் சிறியது என்பதாலேயே நல்லது என்று நம்பிவிடக் கூடாது. 2008 இல் எடின்பரோ ஆய்வாளர்கள் நீளமான காபன் நனோக்குழாய்களை எலிகளின் வயிற்றறைக்குள் செலுத்தியபோது, கல்நார் உண்டாக்குவதைப் போன்ற அழற்சி ஏற்பட்டது. குட்டையானவற்றில், சுருண்டவற்றில் அப்படி நடக்கவில்லை. சாரம் கரைந்த பிறகு உள்ளே இருந்த நனோக்குழாய் எங்கே போகும்? அபற்றைற்று என்றால் உடலுக்கு அறிமுகமான பொருள். கரைக்கும் கலங்கள் அதைக் கரைத்துக் கல்சியமாகவும் பொசுபேற்றாகவும் திருப்பிக் கொடுத்துவிடும். காபனுக்கு அந்த வழி அவ்வளவு இலகுவல்ல. என்னைக் கேட்டால், வலுவுக்காகக் கரையாத ஒன்றை உள்ளே விடுவதைவிட, எலும்பு ஏற்கெனவே அறிந்த பொருளோடு பொறுமையாக உழைப்பதே மேல்.

பெற்றோர் கேட்கக்கூடிய இன்னொரு கேள்வியும் உண்டு. சாரங்களில் சேரும் கொலாஜன் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் மீனிலிருந்தும் எடுக்கப்படுகிறது. எங்கள் வீடுகளில் அது எதிலிருந்து வந்தது என்று கேட்பது இயல்பு. அதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்கலாம், கூச்சப்படத் தேவையில்லை.

இவையெல்லாம் ஆய்வுகூடத்தோடு நின்றுவிட்டனவா? இல்லை. நனோ அபற்றைற்று 80, கொலாஜன் 20 என்ற நிறை விகிதத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் உருவாக்கிய பொருள் அங்கு மருத்துவப் பாவனைக்கு வந்திருக்கிறது. நனைத்தால் கடற்பஞ்சு போல் அமுங்கி மீளும். சத்திரசிகிச்சையின்போது வெட்டி, இடைவெளிக்குள் அமுக்கி வைக்கலாம். உடலின் கரைக்கும் கலங்கள் அதைக் கரைக்க, கட்டும் கலங்கள் அங்கே எலும்பைக் கட்டுகின்றன. ஆனால் அது சுமை தாங்காது. சீனாவின் சிச்சுவான் பல்கலைக்கழகத்தில் உருவான இன்னொரு பொருள், நனோ அபற்றைற்றும் நைலோன் வகைப் பல்பகுதியமும் சேர்ந்தது, முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சையில் பயன்பட்டிருக்கிறது. அது சுமை தாங்கும், ஆனால் கரையாது. ஒன்று வழிவிடுகிறது, நிற்கமாட்டாது. மற்றது நிற்கிறது, வழிவிடாது. நின்றுகொண்டே வழிவிடும் சாரத்தைத்தான் இன்னும் தேடுகிறார்கள்.

போன மாதம் நானா கிளினிக்குக்குப் போய் வந்தார். எக்ஸ்ரேயில் கறுப்பாக இருந்த இடம் வெள்ளையாகிவிட்டது. ஆனாலும் பாயிலிருந்து எழும்பும்போது இடுப்பில் ஒரு கையை ஊன்றித்தான் எழும்புகிறார். நான் ஜப்பான்காரரின் பொருளைப் பற்றிச் சொன்னேன்.

"அத வெச்சா உடனே நடக்கலாமா?"

"ஏலாது நானா. தகடும் வேணும், பொறுத்துத்தான் இருக்கணும்."

"அப்ப இடுப்பு?"

"வெட்டத் தேவைப்படாம இருக்கலாம். சில பேருக்கு இடுப்பு எலும்புக்குள்ள இருந்து கொஞ்சம் மச்சைய ஊசியால எடுத்து அதோட சேர்க்கிறாங்களாம்."

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஊசின்டா பரவாயில்ல" என்றார்.